கறுப்புக் கவர் கூட்டாண்மை

எந்த நல்ல காரியமும் ஒரு கூட்டத்தில்தான் தொடங்க வேண்டும். தாழ்ப்பாளில் தொடங்கக் கூடாது. இந்த அடிப்படை ஞானம் இல்லாததால்தான் காயத்ரி டீச்சர் நேரே கல்வி ஆபீசுக்குப் போய்த் தாழ்ப்பாள் கேட்டுத் தொலைத்தார்.

திருப்போரூருக்கும் நெம்மேலிக்கும் நடுவில் இருக்கிற அரசுப் பள்ளியில் அவர் அறிவியல் டீச்சர். அங்கே பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே குழாய் உண்டு. திறந்தால் காற்று நன்றாக வரும். பக்கத்தில்தான் கடல் தண்ணீரையே குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பாருங்கள், இந்தக் கழிப்பறை சென்னையில் இல்லை.

அதனால் மாதவிடாய் வந்தால் பிள்ளைகள் 'வயித்துவலி டீச்சர்' என்று வீட்டுக்குக் கிளம்பிவிடும். ஒன்பதாம் வகுப்பு சஹானாவிடம் அவள் அம்மா அம்சா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி இந்த மாறி பாதியில வந்து நின்னியோ, படிப்பே வாணாம். வூட்லயே கெட." கணக்கில் புலி அந்தப் பெண். அதைக் கேட்டதும்தான் காயத்ரி ஆபீசுக்குக் கிளம்பினார்.

ஆபீசில் இருந்தவர் தீனதயாளன், சமூகக் கூட்டாண்மை ஒருங்கிணைப்பு அலுவலர். தாழ்ப்பாள் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"வெறும் தாழ்ப்பாள் போட்டா அதுக்குப் பேரு ரிப்பேரு டீச்சர். சமூகத்தோட கைகோத்துப் போட்டா அதுக்குப் பேரு முன்மாதிரி. இப்ப எல்லா மாவட்டத்துலயும் முன்மாதிரிதான் போயிட்டிருக்கு."

"நானே கடையில வாங்கி மாட்டிடறேன் சார்."

"அய்யய்யோ! அனுமதி இல்லாம அரசாங்கக் கதவுல ஓட்டை போடுவீங்களா?"

ஆகவே, அரசாங்கக் கதவில் முறைப்படி ஓட்டை போடுவதற்காகக் கூட்டாண்மைக் குழு கூடியது. மெடிக்கல் ஷாப் நைனா முகம்மது பாய் வந்தார். ஓ.எம்.ஆர். ரோட்டில் பிளாட் போட்டு விற்கிற ஆனந்தன் வந்தார். இன்னும் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். பெண்பிள்ளைகள் விஷயம் என்பதால் அத்தனை பேரும் ஆண்களாகவே இருந்தார்கள். காயத்ரி டீ ஊற்றிக் கொடுத்தார். அது 'மகளிர் பங்கேற்பு' என்ற தலைப்பில் பதிவானது.

"மாதவிடாய்க் கல்விதான் நம்ம நோக்கம்" என்று டீச்சர் ஆரம்பித்ததும் ஆனந்தனுக்கு சமோசா புரையேறியது.

"பொம்பளைங்க இருக்கிற எடத்துல இன்னாம்மா இப்படிப் பச்சையா பேசற?" என்று இருமினார்.

இருந்த ஒரே பொம்பளை காயத்ரிதான்.

"மாசா மாசம் வர்ற விஷயம்னு சொல்லலாமே, கரண்ட் பில்லு மாறி" என்றார் ஒருவர்.

"கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா."

அதில் அரை மணி நேரம் போனது. கடைசியில் 'அந்த விஷயம்' என்றே ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்த விஷயத்துக்காக ஒரு விழிப்புணர்வு ஊர்வலம். ஊர்வலம் முடிந்ததும் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம்.

"புள்ளைங்க கையில பிடிக்கிற அட்டையில மாதவிடாய்னு எழுதித்தான் ஆவணும்" என்று காயத்ரி ஒற்றைக்காலில் நின்றார்.

தீனதயாளன் தவித்துப் போனார். அப்போது நைனா பாய் தொண்டையைச் செருமினார். "எங்க கடையில அந்தப் பாக்கெட்ட யார் வந்து கேட்டாலும் பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டுத்தான் குடுக்கறது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அதான் மரியாத. அட்டையில எழுதட்டும். மேல ஒரு கவர மாட்டிட்டா போச்சி. கவரு என் செலவு."

"ஆகா! உள்ளூர்ப் பண்பாட்டுக்கு உகந்த அணுகுமுறை!" தீனதயாளன் எழுந்தே நின்றுவிட்டார். பாய் கடையில் இருந்த கவர் கட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்து இறங்கியது.

ஊர்வலம் கிளம்பியது. குச்சி நுனியில் அட்டை, அட்டை மேல் கறுப்புக் கவர். கடற்காற்றில் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொண்டன. முன்வரிசையில் தீனதயாளனும் ஆனந்தனும் போட்டோவுக்கு வாகாகக் கைகூப்பி நடந்தார்கள்.

திருப்போரூர் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது.

"இன்னா மச்சான், கறுப்புக் கொடியா?"

"ஆமாண்டா. ஸ்கூல் புள்ளைங்களே ரோட்டுக்கு வந்துட்ச்சி. இன்னா அநியாயம் நடந்திச்சோ!"

அவ்வளவுதான். பட்டா கிடைக்காதவர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். பஸ் நிற்காத ஊர்க்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். யாரோ "ஒழிக!" என்றார்கள். எது ஒழிக என்று தெரியாமலே நாலு பேர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆனந்தனிடம் பிளாட் வாங்கி, அதற்குப் போக வழி கிடைக்காமல் அலைந்தவர் ஒருவர் "பிளாட்டு ஒழிக!" என்று எடுத்துக் கொடுத்தார். கூப்பிய கையோடு ஆனந்தன் ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் மறைந்தார்.

இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. சப்-இன்ஸ்பெக்டர் ஜெயக்குமார் ஜீப்பிலிருந்து இறங்கினார். "யாருய்யா தலைவரு?"

எல்லா விரலும் தீனதயாளனைக் காட்டியது.

"கோரிக்கை இன்னா?"

"அது வந்து... மாதாந்திர... இயற்கையான..."

"சுற்றுச்சூழலா?"

"இல்ல சார். உள்ளுக்குள்ள... ஒரு போக்கு..."

"சாக்கடையா?"

தீனதயாளனுக்கு வேர்த்துக் கொட்டியது. அரசு ஊழியர் சாலை மறியலுக்குத் தலைமை தாங்கினால் என்ன ஆகும் என்பது அவருக்கு மனப்பாடம். இருந்தும் அந்த ஒரு வார்த்தை வாயை விட்டு வருவேனா என்றது.

சஹானாவுக்குப் பொறுக்கவில்லை. தன் அட்டையின் கவரைப் பரக்கென்று கிழித்தாள். "மாதவிடாய் சார். ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பா இல்ல, தண்ணி இல்ல. அந்த நாள்ல வூட்டுக்கு ஓடிகினு கீறோம். எங்கம்மா படிப்ப நிறுத்தறேன்னுது. தாப்பா வேணும். அவ்ளோதான்."

ஜெயக்குமார் தொப்பியைச் சரிசெய்தார். "இதுக்கா ரோட்ட மறிச்சீங்க?"

கூட்டம் போட்டால் கிடைப்பது இன்னொரு கூட்டம். சாலையை மறித்தால் கிடைப்பது தீர்வு. இதுதான் நம் நாட்டு நிர்வாகத்தின் சுருக்கம். சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் வந்தது. அதை மாட்ட ஒருவரும், மாட்டுவதைப் பார்வையிட ஒரு ஜீப் நிறைய அதிகாரிகளும் வந்தார்கள். குழாய் இருமியது, துப்பியது, கடைசியில் தண்ணீராகவே கொட்டியது. காயத்ரிக்கு ஆடலாம் போல இருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தாழ் போட்டு, திறந்து, "டீச்சர், வேல செய்யிது!" என்று கத்தினார்கள். அம்சாவும் வந்து தானே ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

"செரி, படிச்சித் தொல" என்றாள் மகளிடம். 'கூட்டாண்மையின் மகத்தான வெற்றி' என்று தீனதயாளன் அறிக்கை அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம், தலை நிமிர்ந்து, கை வீசிக்கொண்டு, நைனா பாய் கடைக்குப் போனார் காயத்ரி. நாப்கின் பாக்கெட் ஒன்று கேட்டார். பாய் எடுத்து அப்படியே மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க ஓர் ஆள் நின்றிருந்தார். காயத்ரி அந்த ஆளைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். குரல் தானாகவே இறங்கியது.

"பாய்... அந்தக் கவரு..."

"ஏது கவரு? எல்லாம் ஊர்வலத்துல போயிடுச்சே டீச்சர்."

மேஜையில் அன்றைய பேப்பர் கிடந்தது. அதில் ஊர்வலப் படம், நடுவில் கிழிந்த கவரோடு சஹானா. காயத்ரி அந்தத் தாளையே உருவி, பாக்கெட்டை மளமளவென்று சுற்றினார்.

"இன்னா டீச்சர் சுத்தறீங்கோ?"

பின்னால் அம்சாவோடு சஹானா நின்றிருந்தாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குடி" என்றார் டீச்சர்.

சஹானா வானத்தைப் பார்த்தாள். சாயங்காலமாகியும் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்சா அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, மேஜைமேல் குனிந்து கிசுகிசுத்தாள்.

"பாய், அந்தப் பேப்பர்ல இன்னொரு தாளு கீதா? எம் பொண்ணுக்கு."