வாத்துக்குஞ்சு குழாய்க்குள் போன பிறகு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் முழங்கால்கள் நீங்கலாக நலம். அங்கே நீயும் உன் மனைவியும் உன் மகளான என் செல்லச் சுண்டெலியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. எட்டு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. முதல் இரண்டு மாதம் உன் போன் பழுது என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் அண்ணியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் மணியிலேயே எடுத்து, "சொல்லுங்கண்ணி" என்று தேனாகப் பேசினாய். என் இருமல் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டாய். போன் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். கடிதத்தில் இருமல் சத்தம் கேட்காது என்பதால் கடிதம் எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். எனக்கு அவசரமாக ஒரு குழந்தை தேவைப்படுகிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை போதும். சுண்டெலிக்குப் பத்து வயது, கச்சிதமாகப் பொருந்துகிறாள். வெள்ளிக்கிழமை நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். நீ வாசலுக்கு வந்து என் முகத்தில் முழிக்க வேண்டாம், ஜன்னல் வழியாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன். அண்ணனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று உன் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன் மிச்சத்தையும் படித்துவிடு.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பொது ஹால் இருக்கிறது. மூன்றாவது மாடி பல் டாக்டர், சனிக்கிழமை தோறும் அங்கே சுவரில் வெள்ளைத் துணி கட்டிக் குழந்தைகள் படம் போட ஆரம்பித்தார். நான் சங்கச் செயலாளர் அல்லவா, முதல் வாரமே சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தது. நிகழ்ச்சியை நிறுத்தியே தீருவது என்று நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக இறங்கினேன். குழந்தைகள் படத்தைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். மிருகங்கள் பேசுவதைப் பார்க்க எனக்கு நேரமில்லை, மனிதர்கள் பேசுவதையே லிஃப்ட் இன்ஸ்பெக்டராக முப்பத்து நான்கு வருடம் லிஃப்டுக்குள் கேட்டாயிற்று. ஐந்து நிமிடம் நின்று, சத்தம் போடுகிறவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் திட்டம். உள்ளே போனால் குழந்தைகள் எல்லாம் கப்சிப். சத்தம் போட்டது பல் டாக்டர். கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். திரையில் ஒரு குட்டிக் கரடி, குளிர்காலம் முழுக்கத் தூங்கினால் தன் சிநேகிதர்கள் தன்னை மறந்துவிடுவார்கள் என்று பயந்து, தூங்க மாட்டேன் என அடம்பிடித்தது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளக் குச்சி தேடுகிறது, பாறையில் முட்டி விழுகிறது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும், குகை வாசலில் பனியில் நின்றபடி அது தூங்கட்டும் என்று காத்திருந்த தாய்க்கரடிதான் கண்ணில் பட்டது. அவளுக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, தம்பி. படம் முடிந்து வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அதில் "கரடி தூங்கிவிட்டது" என்ற ஒரே வரி இருந்தது. அந்த வரியும் ஈரத்தில் கலைந்திருந்தது.

அடுத்த வாரம் கூடுதல் விசாரணைக்காகப் போனேன். அதற்கடுத்த வாரமும் விசாரணை. அப்போதுதான் கவனித்தேன், குடியிருப்பில் பாதிப் பேர் ஏதோ ஒரு விசாரணையில்தான் இருந்தார்கள். முதல் மாடி காப்பீட்டு அதிகாரி, வீட்டில் ஏசி சரியில்லை, ஹாலில் நன்றாக இருக்கிறது என்றார். நாலாவது மாடிப் புதுமணத் தம்பதி வழி தவறி வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று வாரமும் வழி தவறினார்கள். பல் டாக்டர் ஒருவர்தான் உண்மையைப் பேசினார். "நாள் பூரா என் எதிர்ல யாராவது அழுதுட்டே இருக்காங்க சார், எனக்கு அழறதுக்கு நேரமே கெடைக்கல" என்றார்.

இந்த நிலையில் ஐந்து குழந்தைகள் என் வீட்டுக்குத் தூது வந்தார்கள். கலர் பென்சிலால் எழுதிய மனு கொடுத்தார்கள். பெரியவர்கள் முன்வரிசை நாற்காலிகளை எல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள், மூக்கைச் சிந்துகிறார்கள், வசனம் காதில் விழுவதில்லை என்பது சாரம். மனுவில் இருந்த குற்றவாளிகள் பட்டியலில் முதல் பெயர் என் பெயர். அண்ணி பக்கத்தில் நின்று படித்துவிட்டாள். லிஃப்டுகளில் "எட்டுப் பேர் மட்டும்" என்று ஒட்டி ஒட்டியே ஓய்வு பெற்றவன் நான், கூட்டத்தைக் கண்டால் சட்டம் போடக் கை அரிக்கும். அன்றே பொதுக்குழுவைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றினேன். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். குழந்தை இல்லாமல் வரும் பெரியவருக்கு அனுமதி இல்லை. குழந்தை பாதியில் எழுந்து போனால் பெரியவரும் எழுந்து போக வேண்டும். வாசலில் நின்று சரிபார்க்கத் தரைத்தளத்து டெய்லரம்மாவை நியமித்தேன். அவர் தன் சொந்த அக்காவுக்கே அளவெடுக்காமல் ஜாக்கெட் தைக்காதவர், யாருக்கும் அசைந்து கொடுக்க மாட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

குடியிருப்பில் மொத்தம் இருபத்தொரு குழந்தைகள். பெரியவர்கள் நூற்றுச் சொச்சம். மறுநாளே குழந்தைகளுக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத காப்பீட்டு அதிகாரி, தரைத்தளத்து இரட்டையர்களுக்கு வலியப் போய்க் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். ஏசி சரியாகிவிட்டதா என்று கேட்டால் முறைக்கிறார். புதுமணத் தம்பதி ஒரு கைக்குழந்தையை யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார்கள். கைக்குழந்தைக்கு ஒரு பெரியவர்தான் என்று டெய்லரம்மா சொல்லிவிட, இடைவேளை வரை கணவர், அதன்பின் மனைவி என்று பார்த்தார்கள். இரண்டு பேரும் பாதிப் பாதிக் கதையைச் சொல்லிக்கொண்டு வாரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். என் கதை அதைவிட மோசம். இதே குடியிருப்பில் எங்களுக்கு இருப்பது நம் பேரன் ஒருவன்தான், அவனுக்கு உரிமை கொண்டாடுவது நானும் உன் அண்ணியும். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் லிஃப்டில் ஏறிவிட்டாள். நியாயம் கேட்டேன். "சட்டம் போட்டது நீங்க. நானா போட்டேன்?" என்றாள், கதவு மூடிக்கொண்டது. அந்த லிஃப்டுக்குத் தகுதிச் சான்று கொடுத்ததும் நான்தான்.

வேறு வழியில்லாமல் பல் டாக்டரின் எட்டு வயது மகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைப் போட்டுவிட்டு அவசர நோயாளியைப் பார்க்க ஓட வேண்டியிருந்த, அவர் மனைவியும் வேலையாக இருந்த சனிக்கிழமை அது. கலங்கரை விளக்கத்தில் வாழும் ஒரு பூனையின் கதை. விளக்கு அணைந்துவிட்டது, கடலில் படகு தத்தளிக்கிறது, பூனை ஒற்றை ஆளாகப் படியேறுகிறது, நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண், "நான் வெளையாடப் போறேன் தாத்தா" என்று எழுந்தது. பூனைக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டாமா என்று கெஞ்சினேன். "எல்லாம் சரியாயிடும். அது எனக்கு மொதல்லயே தெரியும். நீங்க ஏன் பயப்படறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. டெய்லரம்மா அளவு நாடாவால் என் தோளைத் தட்டி வாசலைக் காட்டினார். வெளியே ஊஞ்சல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்று யோசித்தேன். அது சொன்னதுதான் சரி. இந்தப் படங்கள் குழந்தைகளுக்காக எடுக்கப்படுவது உண்மைதான், ஆனால் அவர்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கடைசியில் எல்லாம் நேராகிவிடும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகம் முழுக்க நமக்குத்தான். அதனால்தான் வாராவாரம் போய் உட்கார்ந்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு வருகிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் சனிக்கிழமை பழைய படம் ஒன்று போடுகிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சித்திரமும் வரைந்திருந்தார்கள். மழையில் நனைந்த மஞ்சள் வாத்துக்குஞ்சு.

ஆமாம், அதே வாத்துக்குஞ்சு.

கடிதத்தைக் கிழித்துவிடாதே. எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஐந்து. நம் இருவரையும் மட்டும் தனியாகப் படத்துக்கு அனுப்பினார்கள். புயல் மழையில் வாத்துக்குஞ்சு அடித்துச் செல்லப்பட்டு ஒரு இருட்டுக் குழாய்க்குள் போய்விடுகிறது. திரை முழுக்க ஒரே கறுப்பு, தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். நீ வீறிட்டு அழுதாய். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். அந்தக் குஞ்சு வெளியே வந்ததா, அம்மாவைப் பார்த்ததா என்று நாற்பத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியாது. எத்தனை இருட்டு லிஃப்ட் பள்ளங்களில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு கணம் அது நினைவுக்கு வரும். சிரிக்காதே.

இந்தக் கதையை நான் ஒன்றிரண்டு முறை நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கலாம். சரி, உன் கல்யாணத்தில் சொன்னேன். உனக்குப் பதவி உயர்வு வந்தபோதும் சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன் சுண்டெலியின் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நீ அந்தப் பள்ளியின் உதவித் தலைமை ஆசிரியர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணூறு பிள்ளைகள் முன்னால், நீ அழுத மாதிரியே அழுது காட்டினேன். அவ்வளவு கைதட்டல் வந்தால் யாருக்குத்தான் நிறுத்தத் தோன்றும்? அன்றிலிருந்து நீ வராந்தாவில் நடந்தால் பின்னால் "குவாக், குவாக்" என்று சத்தம் வருகிறதாம், திரும்பினால் எல்லாரும் புத்தகத்தில் மூழ்கியிருக்கிறார்களாம். சுண்டெலி அண்ணியிடம் சொன்னாள். அதற்காக ஒரு மனிதன் கூடப்பிறந்த அண்ணனோடு எட்டு மாதம் பேசாமல் இருப்பானா? ஐந்து வயதில் அழுதது ஒரு குற்றமா? பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே?

ஆகவே பழையதை எல்லாம் மறந்து சுண்டெலியை அனுப்பி வை. உன்னால் பாதியில் போன படத்தை உன் மகள் புண்ணியத்திலாவது முழுசாகப் பார்த்துவிடுகிறேன். அது நியாயமும்கூட.

உன் மனைவிக்கு என் ஆசி. சுண்டெலிக்கு முத்தங்கள். உனக்கும் ஆசிதான், வேண்டாமென்றாலும் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மீது என்றும் அன்புள்ள
அண்ணன்

பின்குறிப்பு: சுண்டெலியை அனுப்ப வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன், அவள் பெயரைப் பதிவு செய்யலாம் என்று டெய்லரம்மாவிடம் இறங்கிப் போனேன். ஊரிலிருந்து பிள்ளையை வரவழைக்கிற அளவுக்கு இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். வழக்கமான கதையைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். குழாய் வரை வந்ததும் வாய் வேறு கதையைச் சொல்லிவிட்டது. அன்று தியேட்டரில் அழுதது நீ இல்லை. நீ என் மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். அழுதது நான். என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் உன் தொடையில் கிள்ளினேன். நீ வீறிட்டாய், "தம்பி அழறான், தம்பி அழறான்" என்று சொல்லிக்கொண்டே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். தெருவில் என் முகத்தைப் பார்த்து, "ஏண்ணா அழறே?" என்று கேட்டு உன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாய். நீ சின்னப் பையன், மறந்துபோய் நான் சொன்னதையே நம்பிவிட்டாய். அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. என்னை மன்னித்துவிடு. உன் பள்ளிக்கு வந்து அதே மைக்கில் இதைச் சொல்கிறேன், எண்ணூறு பேரும் என்னைப் பார்த்துக் குவாக் சொல்லட்டும்.

டெய்லரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க அழறத மொதல் வாரத்துலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன் சார். சனிக்கிழம உங்கள கொழந்தைன்னு எழுதிக்கறேன். கூட ஒரு பெரியவரக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பெரியவராக நீ வா, தம்பி. எனக்குக் குழாய் வரைக்கும்தான் தனியாகப் பார்க்கத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்துகொள், இந்த முறை கிள்ள மாட்டேன்.