பின்னால் வந்த இருபத்திரண்டு பேர்

உட்கார்ந்த பிறகுதான் குமாஸ்தாவுக்கு விஷயம் உறைத்தது. தியானக் கூடத்தில் இருபத்திரண்டு பேர் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் அவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பஸ் தாமதம். கூடத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு மெத்தை. அவசரத்தில் உட்கார்ந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் புத்தர் சிலை. முழங்காலுக்கு முன்னால் ஒரு வெண்கல மணி.

'என்னங்க, அது குருவோட இடம்!' என்றாள் மனைவி.

மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனால் அவர் தப்புச் செய்யும்போதெல்லாம் மண்டைக்குள் ஆஜராகிவிடுவாள்.

'எழுந்துடறேன். கத்தாதே.'

'மெதுவா எழுந்திருங்க. எதையாவது தட்டி விடாதீங்க.'

மணியை நகர்த்தக் கை நீட்டினார். பக்கத்திலிருந்த மரக்கட்டை உருண்டு மணியில் இடித்தது.

'டங்ங்ங்...'

இருபத்திரண்டு ஜோடிக் கண்கள் பட்டென்று மூடிக்கொண்டன.

"மன்னிச்சுக்குங்க, இடம் மாறி உட்கார்ந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைத்தான் சொல்ல முடியாது. வாசல் கதவில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: 'உள்ளே நுழைந்தது முதல் மௌனம். பேச்சு, சைகை, எழுத்து எதுவும் கூடாது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மௌனம் முடியும்.'

இங்கே அனுப்பியது அவர் மகள். கடல் கடந்து போய்க் குடும்பம் நடத்துகிறவள்.

"அப்பா, தினமும் டிவிக்கு எதிர்ல உட்கார்ந்து தனியாச் சாப்பிடறீங்க. மூணு நாள் போய் நாலு மனுஷங்களோட இருங்க."

"ஆபீஸ்ல நாள் முழுக்க மனுஷங்களோடதாம்மா இருக்கேன்."

"அவங்க உங்களைத் திட்ட வர்றவங்கப்பா!"

அது உண்மை. மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. இருபத்தெட்டு வருஷமாக அவரைத் தேடி வந்தவர்களில் திட்டாமல் போனவர் ஒருவர்தான். அவர் முகவரி விசாரிக்க வந்தவர்.

ஒரு மணி நேரம் கழிந்தது. இடுப்புக்குக் கீழே கால் என்று இரண்டு இருப்பதே மறந்துபோனது. தாங்க முடியாமல் மறுபடி மணியைத் தட்டினார். எல்லோரும் கண் திறந்து, கை கூப்பித் தலை தாழ்த்தினார்கள்.

கும்பிடு பின்னாலிருக்கும் புத்தருக்காக இருக்கும் என்று குமாஸ்தா சற்று நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். கும்பிடும் நகர்ந்து வந்தது.

சரி, நைஸாக நழுவிவிடலாம். எழுந்தார். மரத்துப்போன கால் பூமியில் பாவவில்லை. ஓர் அடி வைத்து, நின்று, மூச்சு விட்டு, அடுத்த அடி வைத்தார். பின்னால் சரசரவென்று சத்தம். திரும்பினால் இருபத்திரண்டு பேரும் வரிசையாக, ஓர் அடி வைத்து, நின்று, மூச்சு விட்டு, அடுத்த அடி.

'நடைத் தியானம்னு நினைச்சுட்டாங்க' என்றாள் மனைவி.

'நான் கக்கூஸுக்குல்ல போறேன்!'

'நல்லாப் போங்க. துணைக்கு ஆள் இருக்கு.'

கதவைச் சாத்திக்கொண்டு குமாஸ்தா முடிந்தவரை சத்தமில்லாமல் காரியத்தை முடித்தார். வெளியே வந்தால், வரிசை அப்படியே பார்வை தாழ்த்தி நின்றது. கும்பிட்டது.

பகல் பன்னிரண்டு ஆயிற்று. சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவர் யார் என்று யோசித்தார். மணி அவரிடம்தான் இருந்தது.

சமையலறையை எட்டிப் பார்த்தார். சமையல்காரரைக் காணோம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் மூட்டை மூட்டையாக இருந்தன. ஒரே ஒரு கேரட்டை எடுத்துக் கடித்துக்கொள்ளலாம் என்று கத்தியைத் தொட்டதுதான் தாமதம், வரிசை உள்ளே வந்துவிட்டது. ஆளுக்கொரு கத்தி. மொட்டைத் தலைக்காரர் ஒருவர் அடுப்பு மூட்டினார். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்த ஒரு கணவனும் மனைவியும் ஒரே முறத்தில் வெங்காயம் உரித்தார்கள். இருமிக்கொண்டே இருந்த ஓர் அம்மாள் குழம்பில் உப்புப் போட்டார்.

இருபத்து மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குமாஸ்தாவின் தட்டு காலியானதும், கேட்காமலே ஒரு கரண்டி சோறு வந்து விழுந்தது. இருமல்காரம்மா!

'வேண்டாம்' என்று சொல்லக் கூடாதென்பது விதி. சொல்லவும் விருப்பமில்லை.

மறுநாள் விடிந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

'எத்தனை நேரம் ஊரை ஏமாத்துவீங்க? நிஜ குரு வந்துட்டா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளப் போறாரு.'

'அதுக்குத்தான் பையை எடுத்துட்டேன். முதல் பஸ்ல கிளம்பிடறேன்.'

பூனை மாதிரி நடந்து வாசல் கதவின் கொக்கியை விலக்கினார். பின்னால் சரசர. இருபத்திரண்டு பேர்!

பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். கைக்கு எட்டியது சுவரில் சாய்த்திருந்த துடைப்பம். சமாளிப்பாகக் கதவடியில் நாலு கூட்டுக் கூட்டினார். அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து துடைப்பங்கள் வந்தன. வாசல் சுத்தமாயிற்று. அவர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஒவ்வோர் அடியாகக் கூட்டிக்கொண்டே நகர்ந்தார். தெரு முழுக்கச் சுத்தமாயிற்று.

பஸ் வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்னய்யா, மந்திரி யாராவது வர்றாரா?" என்றார். "ஏறுறதுன்னா ஏறு பெரியவரே!"

ஒரு கால் படியில். குமாஸ்தா திரும்பிப் பார்த்தார். அவர் கூட்டிய குப்பைக்கு இருமல்காரம்மா குனிந்து முறம் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவர் வந்து கடைசிக் கூட்டுக் கூட்டினால்தான் நிமிர முடியும்.

ஏறினால் மானம் மிஞ்சும். ராத்திரி டிவி இருக்கும். இறங்கினால் நாளை பத்து மணிக்கு இத்தனை பேரும் முகத்தில் காறித் துப்புவார்கள்.

'என்னங்க பண்ணப் போறீங்க?'

காலைப் படியிலிருந்து எடுத்தார். குப்பையை முறத்தில் தள்ளினார். மண்டைக்குள் மனைவி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள். பத்து மணி. மணியைத் தட்டினார்.

"நான்... நான் உங்க குரு இல்லைங்க. கரண்ட் ஆபீஸ் புகார்ப் பிரிவுல குமாஸ்தா. இடம் மாறி உட்கார்ந்துட்டேன். முதல் நாளே சொல்லாம ஓடப் பார்த்தேன், அதுவும் முடியலை. நாலு வருஷம் கழிச்சு ஒரு கூட்டத்தோட உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ஆசையில வாயை மூடிட்டு இருந்துட்டேன். மன்னிச்சுடுங்க."

இருமல்காரம்மா தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் சார். போன மாசம் எங்க தெருவுல கரண்ட் போனப்ப, கவுண்ட்டர்ல நின்னு உங்களை அரை மணி நேரம் திட்டினவ நான்தான்."

"ஐயோ! அப்புறம் ஏம்மா என் பின்னாடியே வந்தீங்க?"

"நீங்க நடந்த வேகம் என் மூட்டு வலிக்கு அவ்வளவு தோதா இருந்துச்சு. அன்னிக்குத் திட்டினதுக்குத்தான் ஒரு கரண்டி சோறு கூடப் போட்டேன்."

கூடம் வெடித்துச் சிரித்தது. வெங்காயம் உரித்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினேழு வருஷத்துல இந்த மனுஷன் வெங்காயம் உரிச்சு இப்பத்தான் பார்க்கறேன். உங்களுக்குக் கோடி புண்ணியம் சார்."

"பேசாம இருந்தா நல்லா வேலை செய்வேன்னு இப்பவாவது தெரிஞ்சுக்க" என்றார் கணவர்.

தாள் கிழித்து, ஆளாளுக்கு நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். போனை முந்தின நாளே அணைத்து வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது முகாமுக்குப் பெயர் கொடுத்தபோதே போட்ட நிபந்தனை. ஒருவர் தப்பாமல் கடைப்பிடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒவ்வொருவர் வீட்டிலும் சேர்ந்து சமைப்பது என்று முடிவாயிற்று. முதல் ஞாயிறு குமாஸ்தா வீட்டில். அவர் எழுந்து நின்றார். இருபத்திரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார். இந்தத் தடவை யாரும் நகர்ந்து பார்க்கவில்லை.

"அது சரி, நிஜ குரு யாரு?" என்றார் கணவர்.

எல்லோரும் மொட்டைத் தலைக்காரரைப் பார்த்தார்கள்.

"என்னை ஏங்க பார்க்கறீங்க? பேரப்பிள்ளைகிட்டேருந்து பேன் ஒட்டிக்கிச்சு, மழிச்சுட்டேன்."

அப்போது வாசலில் ஏணி இடிக்கும் சத்தம். இரண்டு வாளி பெயின்ட்டோடு உள்ளே நுழைந்த ஆள், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

"முகாமை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வெச்சாச்சுன்னு எல்லாருக்கும் போன்ல சொல்லிட்டோம், காலி இடந்தான், போய்ப் பெயின்ட் அடின்னு அனுப்பினாங்க... நீங்கள்லாம் யாருங்க?"