எந்த மலைங்க சார்?

பூங்கா வாசலில் கார் வந்து நின்றபோது சமையல்காரி பாவாயியின் அடுப்பில் சாமைச்சோறு அரைவேக்காட்டில் இருந்தது.

"அக்கா, ஆபீசரு வந்துட்டாரு! சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்து நிக்கிறாரு!" எழில்மதி கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு ஓடினாள்.

"சோறு வேகற வரைக்கும் எங்கனா சுத்திக் காட்டிக்கினு இரு பாப்பா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் பாவாயி.

கல்வராயன் மலைமேல் இருக்கும் அந்தப் பூங்காவுக்கு எழில்மதி தற்காலிக வழிகாட்டி. சின்னசேலத்துப் பக்கம் கரும்பு வெட்டும் காசிநாதனின் மகள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படித்தது வரலாறு. கல்லைக் கண்டால் காலம் சொல்வாள். அநியாயத்தைக் கண்டால் காலநேரம் பார்க்க மாட்டாள். இந்த மாதத்தோடு அவள் வேலை முடிகிறது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது இன்றைக்கு வருகிற அதிகாரியின் கையில்.

முந்தின நாள் மேற்பார்வையாளர் தமிழ்வேந்தன் சொல்லியிருந்தார். கோயமுத்தூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். "ஏம்மிணி, நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாங்களாமா. மலையாளியாமா. மனசு குளுர்ற மாதிரி பாத்துக்கோணும். நான் சேலம் போயி கொஞ்சம் சாமான் வாங்கிட்டு வந்தர்றன்."

எழில்மதிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இந்த மலையில் மலையாளி என்றால் வேறு யார்? தினையும் சாமையும் விதைக்கிற மலைச்சனம்தான். பாவாயி மலையாளி. வாசல் காவலர் மாதன் மலையாளி. ஜாகீர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்த சனத்தில் ஒருத்தர் ஆபீசராகி வருகிறார்!

"நம்ம ஆளுக்கா!" என்று பாவாயியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். பாவாயி மூக்கைச் சிந்திவிட்டுச் சாமையை எடுத்து உரலில் போட்டாள்.

காரை ஓட்டிவந்தவர் இறங்கினார். பெரிய மீசை, கட்டம் போட்ட சட்டை, சட்டைக்கு முன்னால் வந்து நின்ற தொப்பை. மறுபக்கம் பருத்திச் சுடிதாரில் ஒரு அம்மா இறங்கிக் கைப்பையை மாட்டிக்கொண்டார்.

"வணக்கம் சார்! நீங்க எந்த மலைங்க சார்?"

"மலப்புறம்," என்றார் மீசைக்காரர்.

"மலைக்குப் பொறம்தான் சார். எந்த மலைக்குப் பொறம்?"

"மல... ப்புறம்," என்றார் அவர், காது கேளாதவருக்குச் சொல்வதுபோல.

எழில்மதிக்குச் சுருக்கென்றது. மனுசன் ஊரைச் சொல்லாமல் மழுப்புகிறாரே! நாலெழுத்துப் படித்ததும் பிறந்த இடத்தைச் சொல்ல வாய்கூசுகிற ஆட்களைக் கல்லூரியிலேயே அவள் நிறையப் பார்த்து, நிறையச் சண்டை போட்டிருக்கிறாள்.

"சார், வெக்கப்படாதீங்க. எங்கப்பா இன்னும் கரும்பு வெட்டிக்கினுதான் இருக்காரு. நான் யார்கிட்டயும் மறைக்கறது இல்ல."

"எந்தா?"

"எந்தாவா? அதத்தான் சார் நானும் கேக்கறேன், எந்த மலை?"

மீசைக்காரர் திணறிப்போய்ப் பக்கத்திலிருந்த அம்மாவைக் கைகாட்டினார். "ஞான் அல்ல... இவள்..."

"அக்காவப் பத்திக் கவலைப்படாதீங்க சார். கல்லு, சரித்திரமெல்லாம் அவங்களுக்கு போர் அடிக்கும். அக்கா, நீங்க பாவாயிக்காகிட்ட போயி நெழல்ல உக்காந்துக்குங்க."

அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

ஆபீசரின் கூச்சத்தைப் போக்க ஒரே வழிதான் இருந்தது. எழில்மதி அவரை மேட்டிலிருந்த கல்திட்டைக்குக் கூட்டிப்போனாள். நாலு கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பாறையால் மூடிய பழங்காலத்துக் கல்லறை. முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. துணைக்கு மாதனும் வந்தார்.

"இத குள்ளர் வூடுன்னு சொல்வாங்க சார். எத்தினி ஆயிரம் வருசமா இந்த மலையில மனுசங்க இருக்காங்கன்னு தலையை வுட்டுப் பாருங்க. அப்பறம் நீங்களே நெஞ்ச நிமித்தி ஊரைச் சொல்வீங்க."

மரியாதைக்காரர். தலையை விட்டார். தலைக்குப் பின்னால் ஆர்வத்தில் ஒரு தோளும் போனது. போனது வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு கூப்பாடு கிளம்பியது. நீளமாக, வேகமாக, ஒரு சொல் விளங்காமல்.

எழில்மதியின் முகம் மலர்ந்தது. "கேட்டியா மாதண்ணா? உள்ள போனதும் சொந்தப் பேச்சு தானா வருது!"

மாதன் காதைத் தீட்டினார். "எங்க பேச்சு மாதிரி இல்லியே பாப்பா."

"அவரு வேற மலைண்ணா. மலைக்கு மலை பேச்சு மாறாதா? காலைப் புடிங்க!"

இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். அதிகாரி வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் உள்ளேயே தங்கிவிட்டன.

தலையெல்லாம் மண். அதைக் கழுவ ஏரிப் படித்துறைக்குக் கூட்டிவந்தார்கள். சூழ்நிலை சரியில்லை என்று மாதனுக்குப் பட்டது. அதிகாரியைக் குளிரவைக்கச் சொந்தம் விசாரித்தார்.

"மூணு அண்ணந்தம்பிங்க காஞ்சிபுரத்துலருந்து வந்து ஆளுக்கொரு மலையில குடியேறுனாங்கன்னு எங்க பெரியவங்க சொல்வாங்க சார். நீங்க பெரியவரு வழியா, சின்னவரு வழியா?"

மீசைக்காரருக்கு 'சின்னவர்' மட்டும் விளங்கியது. "ஞான் சின்னதாணு. மேலே ரெண்டு ஏட்டன், ரெண்டு அண்ணன்."

"அப்ப நம்ம பங்காளி!" என்று மாதன் பாய்ந்து கட்டிக்கொண்டார். படித்துறைப் பாசி அந்தப் பாசத்தைத் தாங்கவில்லை. இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தார்கள். மிதிபடகில் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பமே கைதட்டியது.

நல்லவேளை, மீசைக்காரர் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்க, தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பச் சிரித்தார். எழில்மதிக்கு மூச்சு வந்தது. மாதன் தன் மாற்று வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை மனுசன் மடித்துக் கட்டிய விதமே தனி அழகாக இருந்தது.

"இப்பதான் சார் நம்ம ஆளு மாதிரி இருக்கீங்க!"

சமையல்கட்டில் எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தமிழ்வேந்தன் இரண்டு கையிலும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலங்களோடு உள்ளே நுழைந்தார். வேட்டி கட்டிய மீசையைக் கண்டதும் குனிந்து கும்பிட்டார்.

"நமஸ்காரம் சாரே! சுகமாணோ?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்தது எல்லாம் மடை உடைந்து வந்தது. மீசைக்காரர் கையை ஆட்டி, காலைக் காட்டி, மேட்டைக் காட்டி, ஏரியைக் காட்டிப் பொழிந்து தள்ளினார். தமிழ்வேந்தனின் மலையாளம் முதல் வரியிலேயே தீர்ந்துவிட்டிருந்தது.

"ஆமாங்க சாரே... ஆமாங்க..." என்றவர் எழில்மதியை ஓரமாக இழுத்தார். "என்னம்மிணி பண்ணி வெச்சிருக்க? கேரளாக்காரருக்கு மாதன் வேட்டியக் கட்டி உட்டு, சாமச்சோத்தப் போட்டு உக்கார வெச்சிருக்க!"

"கேரளாவா? மலையாளின்னுதானே சார் சொன்னீங்க!"

"அதத்தானே நானும் சொல்றன், மலையாளின்னு!"

எழில்மதி வாயைப் பொத்திக்கொண்டாள். மலப்புறம். அது ஒரு ஊர்! மனுசன் காரை விட்டு இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லியிருக்கிறார்.

பொய்யும் குழைவும் அவளுக்கு வராது. நேரே இலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், உங்களக் கல்லுக்குள்ள சொருகுனது நான்தான். தண்ணிக்கு இட்டுக்கினு போனதும் நான்தான். ஊரை மறைக்கிறீங்கன்னு வேற திட்டிட்டேன். மன்னிச்சிருங்க. ஆனா இந்த வேலை எனக்கு வேணும் சார். எங்க வூட்ல மாசச் சம்பளம்னு வாங்குன மொத ஆளு நான். நீங்க மனசு வச்சாதான் உண்டு."

மீசைக்காரரின் முகம் வாடிவிட்டது. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னது இந்தத் தடவை அவருக்கு விளங்கித்தான் இருந்தது. இரண்டு கையையும் விரித்தார்.

"மோளே, உன்னெ எனக்கு ரொம்ப இஷ்டமாயி. இப்படி ஒரு நாளும் நான் சிரிச்சிட்டே இல்ல. பட்சே வேலைக் காரியம்... என்னால ஒண்ணும் முடியாது."

முடிந்தது. எழில்மதி கழுத்து அட்டையைக் கழற்றினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிப்ஸ் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தாள். தமிழ்வேந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த சுடிதார் அம்மா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு கண்ணில் நீர் வரக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

குழம்புச் சட்டியோடு வந்த பாவாயி அட்டையையும் எழில்மதியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவரால எப்பிடி முடியும் பாப்பா, அவரு இந்தம்மா வூட்டுக்காரரு, ஸ்கூல் வாத்தியாரு! ஆபீசரு இந்தம்மாதான், இதே மலையில, கருமந்துறையில பொறந்த எங்க ஜனம். ஒன்ன இங்கியே வச்சிக்கப் போறேன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தினி நேரமா சிரிச்சிக்கினு கெடக்குறாங்க!"