கைருதீன் தியேட்டரில் அஞ்சு ஸ்பீக்கர்

"இந்த ஹாலுக்குள்ள ஒரு ஊசி நுழையக்கூடாது!"

கைருதீன் இந்தச் சபதத்தைப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, பிரியாணியும் முடிந்து, நல்லூரில் தன் வீட்டோடு சேர்த்துப் புதிதாக இழுத்துக் கட்டிய ஹாலின் நட்டநடுவில் நின்றுகொண்டு. பனியன் கம்பெனியில் இருபது வருஷமாகக் கட்டிங் மாஸ்டர். பொழுது விடிந்தால் மெஷின் சத்தம், அடைந்தால் மெஷின் சத்தம். வீட்டிலுமா?

அவர் மனைவி ஜெய்புன்னிசாவுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. அந்த ஹாலில் ரெண்டு மெஷின் போட்டு, கம்பெனி வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்க வேண்டும். ஹாலைக் கட்டச் சொன்னதே அதற்காகத்தான். கட்டி முடிகிற நேரம் பார்த்து, துபாயிலிருந்து அவள் தம்பி சேக் தாவூது ஒரு ரிசீவரைக் கொண்டுவந்து இறக்கினான். அஞ்சு ஸ்பீக்கர் மாட்டி, சினிமாத் தியேட்டர் மாதிரியே கேட்கலாம். ஸ்பீக்கர் மட்டும் கொண்டுவரவில்லை. பிளேனில் எடை இடித்ததாம்.

"இது தியேட்டர், ஜெய்பு. தையக்கடை இல்ல."

"சரீங்க."

ஜெய்புன்னிசா உடனே சரி என்றால் மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மறுநாள் இருவரும் ஞானசம்பந்தத்தின் ரேடியோ கடைக்குப் போனார்கள். கைருதீன் அலமாரியில் இருந்த ஸ்பீக்கர்களின் முகத்துணியை விரலால் தடவினார். நிமிண்டினார். இழுத்துப் பார்த்தார்.

"இது நல்ல துணி. இதையே அஞ்சு குடுங்க."

"ஏனுங்க மாஸ்டர், ஸ்பீக்கர் வாங்க வந்தீங்களா, பனியன் வாங்க வந்தீங்களா?" என்றார் ஞானசம்பந்தம். "உங்க ரிசீவர் ஆறு ஓம்ஸுங்க. இது நாலு. மாட்டுனா ரிசீவரு கொதிச்சுப் போயிருமுங்க. ஆறுக்கு மேல இருந்தா பயமில்ல. அப்பறம், அஞ்சும் ஒரே செட்டா இருக்கோணும். உடம்புக்கு ஒரு சாயம், காலருக்கு ஒரு சாயம்னா வெளிநாட்டு பையர் வாங்குவானுங்களா?"

இந்த பாஷை மாஸ்டருக்குப் புரிந்தது. எட்டு ஓம்ஸில் ஒரே செட்டாக அஞ்சு எடுத்தார். அப்போதும் துணியைத் தடவாமல் விடவில்லை.

அவர் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெய்புன்னிசா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்ணா, இது நல்லாக் கேக்கறதுக்கு ஊடு எப்படி இருக்கோணுமுங்க?"

"வெறும் செவுரா இருந்தா எதிரொலிக்குமுங்க. திரை, பாய், மெத்தைன்னு துணி நெறைய இருந்தா சத்தம் கணீர்னு இருக்கும்."

"அப்படிங்களா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் மாட்ட ஞானசம்பந்தம் வந்தபோது ஹாலில் திரை இல்லை, பாய் இல்லை, மெத்தை இல்லை. நோன்பு வரப்போகிறதென்று அத்தனையையும் அலசி மாடியில் போட்டிருந்தாள். அலசிய தரை பளபளத்தது. படம் ஓடியது. கதாநாயகன் "வாடா!" என்றான். கிழக்குச் சுவர் "டா" என்றது. மேற்குச் சுவர் "டா, டா" என்றது. வில்லன் பதில் சொல்ல வாய் திறந்தபோதும் கூரையில் "டா" பாக்கி இருந்தது.

கைருதீனுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை நாள் கனவு!

"ஸ்பீக்கர் மேல தப்பில்லீங்க," என்றார் ஞானசம்பந்தம். "துணி வேணுமுங்க."

"ஜெய்பு! அந்தத் திரையை எடுத்துட்டு வா!"

"அது மெல்லிசுங்க. நீங்க கையில தொட்டே துணி எத்தன ஜிஎஸ்எம் கனம்னு சொல்றவரு. அது சத்தத்த எங்க தாங்கும்?"

மாஸ்டரின் மார்பு ஓர் அங்குலம் உயர்ந்தது. "அதுவுஞ்சரிதான். கனமான துணி வேணும். கம்பெனில கட்டிங் வேஸ்ட்டு மூட்டை மூட்டையாக் கெடக்குது."

"பஞ்சு பறக்குமுங்க. ரிசீவருக்குள்ள போயிருச்சுன்னா?"

"அப்ப நல்ல துணியா, பண்டல் பண்டலா நாலு செவுத்துலயும் அடுக்கோணும்."

"தைக்கறதா இருந்தாத்தானுங்க கம்பெனில பண்டல் குடுப்பாங்க? சும்மா அடுக்கி வெச்சுப் பாட்டுக் கேக்கவா குடுப்பாங்க?"

கைருதீன் யோசித்தார். முகம் மலர்ந்தது. உலகத்திலேயே யாருக்கும் தோன்றாத யோசனை தனக்குத் தோன்றிவிட்டது!

"ஜெய்பு, நீ ரெண்டு மெஷின் போட்டா என்ன?"

"ஐயோ, வேண்டாமுங்க. நீங்க சபதம் போட்ட ஹாலு."

"நாந்தான சொல்றேன்?"

"எனக்கு ஊட்டு வேலையே தலைக்கு மேல கெடக்குது."

"எனக்காக, ஜெய்பு!"

அரை மணி நேரம் கெஞ்சினார். பழம் நழுவிப் பாலில் விழுந்துகொண்டிருந்தது; ஜெய்புன்னிசா முகத்தைச் சுளித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷினுக்கு எங்க போறதுங்க?" என்று அவள் அலுத்துக்கொண்ட அதே நிமிஷம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அடுத்த வீட்டில் குடியிருக்கும் முத்துப்பேச்சி வாசலில் நின்றாள்.

"எங்க வீட்ல ரெண்டு மிஷின் சும்மாத்தான கெடக்கு. எண்ணெய்கூட விட்டு வச்சிருக்கேன். தூக்கியாரலாமா யக்கா?"

எண்ணெய் எதற்காக முன்கூட்டியே விட்டாள் என்று கைருதீன் கேட்கவில்லை. மெஷினைத் தோளில் தூக்கிவந்ததே அவர்தான்.

திங்கட்கிழமை பண்டல்கள் வந்தன. நாலு சுவரையும் தொட்டு அடுக்கினார்கள். எதிரொலி செத்தது. அடடா, என்ன துல்லியம்! கதாநாயகன் மூச்சு விட்டால் பிடரியில் காற்றுப் படுகிற மாதிரி இருந்தது. ஆனால் அது முத்துப்பேச்சியும் ஜெய்புன்னிசாவும் டீ குடித்த பத்து நிமிஷம் மட்டும்தான். பிறகு ரெண்டு மெஷினும் ஓடின. அஞ்சு ஸ்பீக்கரும் வாயை மூடிக்கொண்டன. ஒரு படத்தைக் கைருதீன் பதினேழு டீயில் பார்த்து முடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பொங்கிவிட்டார். "இது என்னோட தியேட்டர், ஜெய்பு! மெஷின நிறுத்து!"

"உங்க தியேட்டருதானுங்க. யாரு இல்லேன்னா?" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "தெச்சதுக்கு நூல் பிசிறு வெட்டறதும் நாங்கதான், அதனாலதான் தையல் முடியாம மெஷின் ஓடுது. ஒரு பண்டலுக்குப் பிசிறு வெட்டிக் குடுத்தீங்கன்னா, ஒரு பாட்டுக்கு மெஷின நிறுத்தறேன்."

நூல் பிசிறு வெட்டுகிற சின்னக் கத்திரியை நீட்டினாள். இருபது வருஷக் கட்டிங் மாஸ்டர் கத்திரியைப் பார்த்தார். அஞ்சு ஸ்பீக்கரையும் பார்த்தார்.

அன்றைக்குக் கைருதீன் மூன்று பாட்டுக் கேட்டார்.