ஏனோக் பேசி முடிக்கும் வரை

"ஆறு நிமிஷம்," என்றான் ஷெர்வின், கைபேசியில் ஓடிய கடிகாரத்தை நிறுத்தி. "அதுக்கு மேல பேட்டரி நிக்காது அங்கிள்."

"இன்னாப்பா, வெறும் ஆறு நிமிஷம்?" ஃப்ரெடி தலையில் கை வைத்துக்கொண்டார். "இருபது வருஷம் உழைச்ச மனுஷன். ஆறு நிமிஷத்துல பேசி முடிச்சிடுவாரா?"

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் சபையில் இருபது வருடம் செயலாளராக இருந்த ஏனோக்குக்கு அடுத்த ஞாயிறு பிரிவுபசார விழா. அவர் ஏற்புரை ஆற்றும்போது ஷெர்வினின் ரிமோட் விமானம் 'நன்றி' என்று எழுதிய துணியை இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு மேலே வட்டமிட வேண்டும். யோசனை, ஏற்பாடு எல்லாம் விழாப் பொறுப்பாளர் ஃப்ரெடியுடையது.

"அவரு பேசி முடிக்கிற வரைக்கும் அது கீழ வரக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

வேறு யாருடைய விழாவாக இருந்தாலும் ஷெர்வின் முடியாது என்றிருப்பான். ஆனால் ஏனோக், பியூலாவின் அப்பா. தினமும் பெங்களூர் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போய்வந்த பியூலாவை, ஷெர்வின் வீட்டார் போன மாதம்தான் முறைப்படி பெண் கேட்டிருந்தார்கள். "ஜெபம் பண்ணிச் சொல்றேன்" என்றதோடு சரி. ஏனோக் இன்னும் ஜெபத்தில்தான் இருந்தார்.

ஷெர்வின் பெரிய பேட்டரி வாங்கினான். அதைச் சுமப்பதிலேயே அதன் சக்தி தீர்ந்துபோனது. ஐந்தரை நிமிடம். எடையைக் குறைக்கச் சக்கரங்களைக் கழற்றினான். ஏழு கிடைத்தது, ஆனால் தரையில் ஓடி மேலேற முடியாது, யாராவது கையால் வீச வேண்டும். இறங்கும்போது வயிற்றால் தேய்ந்துதான் நிற்கும். துணிக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கட்டினான். எட்டு. அதற்கு மேல் கழற்ற ஒன்றுமில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்தது. மைதானத்தில் ஏனோக் மைக்கைப் பிடித்தார். ஃப்ரெடி ஓடிவந்து விமானத்தை வீசினார். அது ஒருமுறை தள்ளாடிவிட்டு மேலே ஏறியது. கூட்டம் கைதட்டியது.

ஷெர்வினால் வானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற பியூலாதான் பேச்சைக் கேட்டுச் சொன்னாள்.

"நாலு நிமிஷம் ஆச்சு. உங்கப்பா எங்க வந்துருக்காரு?"

"ஞானஸ்நானத்துல."

"யாரோட ஞானஸ்நானம்?"

"அவரோடது."

ஆறாவது நிமிடம் ஏனோக் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். ஏழாவது நிமிடம் ரிமோட் கத்தத் தொடங்கியது.

"பேட்டரி போவுது பியூலா! முடிக்கச் சொல்லு!"

"மேடையில ஏறி அப்பாவையா? நான் மாட்டேன்பா."

மோட்டாரை அணைத்தான். விமானம் சத்தமில்லாமல் மிதந்தது. மிதக்க மிதக்கத் தாழ்ந்தது. அப்போதுதான் சுரங்கக் கழிவு மண் மலைபோல் குவிந்து கிடக்கும் சைனைட் மேட்டுக்கு மேல் இரண்டு பருந்துகளைப் பார்த்தான். இறக்கையே அசைக்காமல் உயரே போய்க்கொண்டிருந்தன. வெயிலில் காய்ந்த மண்ணிலிருந்து சூடான காற்று எழும்புகிறது! விமானத்தை அங்கே திருப்பினான். பருந்துகளோடு மூன்றாவதாக அதுவும் வட்டமிட்டு, மோட்டார் இல்லாமலேயே ஏறத் தொடங்கியது.

"தப்பிச்சேன்," என்றான்.

பதினைந்து நிமிடம். ஏனோக் அண்ணாந்து விமானத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹார்மோனியம் பழுதுபார்த்த கதையை ஆரம்பித்தார்.

இருபது. கூரைக்கு ஓடு மாற்றிய கதை. மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"உங்கப்பா மேலயே பார்க்குறாரு. விழுந்துடுமான்னு சந்தேகப்படுறாரு போல."

"விட்டுடாத ஷெர்வின். பிடிச்சுக்க."

இருபத்தைந்து. குழந்தைகள் அழுதன. பிரியாணி ஆறியது. ஏனோக்கின் குரல் கம்மி, பிறகு கரகரத்தது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. சபைக்கு வந்துபோன போதகர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அது தீர்ந்ததும் அவர்களுடைய மனைவிமார் பெயர்களைத் தொடங்கினார்.

முப்பதாவது நிமிடம் ஒரு மேகம் வெயிலை மறைத்தது. பருந்துகள் போய்விட்டன. விமானம் தாழ்ந்தது. ஷெர்வின் விமானத்தை மைதானத்துக்குத் திருப்பி மோட்டாரைத் தட்டிவிட்டான். ஒருமுறை உறுமிவிட்டு எல்லாமே செத்தது. ரிமோட்டுக்கு அடங்காமல் அது பந்தலின் மேல் விழுந்து, சறுக்கி, மேடைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது.

"அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஆசாரி யாருன்னா..." என்றுகொண்டிருந்த ஏனோக் அதைப் பார்த்தார். "ஆமென்," என்று சொல்லித் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

கல்யாணம் அவ்வளவுதான் என்று ஷெர்வினுக்குத் தெரிந்துவிட்டது. ரிமோட்டோடு மேடைக்கு ஓடினான்.

"மன்னிச்சிடுங்க அங்கிள். முப்பத்தோரு நிமிஷம் எப்படியோ தாக்குப்பிடிச்சேன். அதுக்கு மேல முடியல."

ஏனோக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவர் மனைவி டெய்சி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபடி ஷெர்வினைப் பார்த்தாள்.

"இவரு எழுதிக்கினு வந்தது ரெண்டே வரிதான் தம்பி. பிளேன் கீழ இறங்குற வரைக்கும் பேச்சை நிறுத்தக் கூடாதுன்னு ஃப்ரெடி சொல்லிட்டாராமே!"