அறுவடைத் தகராறும் என் தகரக் குழாயும்

இருபத்துமூன்று வயதில் ஓர் ஊரையே அடிதடியின் விளிம்பு வரை கொண்டுபோனவன் நான். குடித்துவிட்டு அல்ல, வானத்தைப் பார்த்து.

கரைவேட்டிக்காரர்கள் ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் நிலக்காரர்களுக்கும் செங்கொடிச் சங்கத்தாருக்கும் கூலித் தகராறு. சம்பா முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, அறுக்க ஆளில்லை. மறுநாள் காலை தாசில்தார் முன்னிலையில் பேச்சு. அதுவரை யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் பேச்சு கிடையாது என்று ஏற்பாடு. இன்னும் நாலு நாள் போனால் ஊர் நெல் மொத்தமும் மண்ணில் கொட்டிவிடும். அதில் அப்பாவின் ஒன்றரை வேலியும், அதாவது பத்து ஏக்கரும், அடக்கம்.

எனக்கு (கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற மேதாவியாயிற்றே) வேறு கவலை. தை மாதத்து முன்னிரவில் தெற்கே அடிவானத்தை ஒட்டி ஒரு குட்டி நட்சத்திர மண்டலம் தலைகாட்டும். அதற்குள் புது நட்சத்திரங்கள் உருவாகிற புகைத் திட்டு ஒன்று உண்டு. அதைத் தினமும் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். வரப்பும் வயலில் சேர்த்திதான் என்று உறைக்கவே இல்லை. நானே தகரக் குழாயில் செய்த டெலஸ்கோப்பை, அன்றிரவு தென்னை மறைக்காத நடுவரப்பில் முக்காலி போட்டு நிறுத்தினேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகின கண் கெட்டுவிடும். அதனால் டார்ச்சில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். வரைய ஒருதரம் போடுவேன், பார்க்க அணைப்பேன். அந்த மாதத்தில், அந்த ஊரில், சிவப்பு. (மூளை இருந்திருந்தால் வீட்டிலேயே படுத்திருப்பேன்.)

மேற்கேயிருந்து நிலக்காரர்கள் கம்போடு வந்தார்கள். சங்கத்தார் சிவப்பு விளக்குக் காட்டி ஆள் கூட்டுகிறார்களாம். கிழக்கேயிருந்து சங்கத்தார் அரிவாளோடு வந்தார்கள். நிலக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்கித் திருட்டுத்தனமாக அறுக்கிறார்களாம். நடுவில் நான். டார்ச்சை அணைத்துவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எவன்டா அது? துப்பாக்கியக் கீழ போடு" என்றது ஒரு குரல். அது என் அப்பா.

"நல்லா நடிக்கிறீங்க" என்றாள் சங்கத் தலைவி பாக்கியம். "பேச்சுன்னு சொல்லிட்டு ஆள இறக்கியாச்சு. இனிமே என்னங்க பேச்சு?"

அரிவாள்கள் இரண்டடி கிட்டே வந்தன. கம்புகளும் நகர்ந்தன. என்னால் ஊர் எரியப் போகிறது.

"அக்கா, நான்தான். நட்சத்திரம் பொறக்குறதப் பாத்துக்கிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் அரிவாளைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் குழாயில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அடுப்புப் பொகையாட்டம் இருக்கு. எப்பப் பொறக்கும்?"

"பொறந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷமாச்சுக்கா. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேருது."

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "புள்ளைக்கு எத்தன நாளா இப்படி?"

"படிச்சதுலேருந்து" என்றார் அப்பா, தலையைத் தொங்கப்போட்டபடி.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியாது. கம்புகள் கீழே இறங்கின.

மறுநாள் பேச்சு நடந்தது. கூலி நெல்லுக்குச் சாயங்காலம் வரை இழுபறி. முதல் ஷரத்துக்கு மட்டும் இரண்டு தரப்பும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டன: அறுப்பு முடியும்வரை நான் வயல் பக்கமே வரக் கூடாது.

இன்றும் என் மனைவிக்கும் மருமகளுக்கும் வீட்டில் முட்டிக்கொண்டால், யாராவது ஒருத்தி, "முதல் ஷரத்துலேருந்து ஆரம்பிப்பமா?" என்பாள். இருவரும் சேர்ந்து என்னைப் பார்ப்பார்கள். நான் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். படியேறி முடிப்பதற்குள் கீழே சமாதானம் ஆகிவிடும்.