மண் குதிரைக்கு ஒரு அமெரிக்கச் சேணம்

எனக்குக் குதிரை என்றால் பயம். இதை இப்போது ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. ஏழு வருடங்களுக்கு முன்பு மீனாள் ஆச்சியிடம் இதே வரியைச் சொல்லியிருந்தால் ஒரு வாயில்லா ஜீவனின் முதுகு புண்ணாகியிருக்காது. நானும் உச்சி வெயிலில் கண்மாய்க் கரைப் பக்கம் போகப் பயப்படுகிற ஆளாக ஆகியிருக்க மாட்டேன்.

ஆச்சி காரைக்குடிக்கு வெளியே இருக்கும் தன் மாமனார் வீட்டை வெளிநாட்டு விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். அதற்கு ஒரு மேனேஜர் தேடினார். நான் செல்போன் கடை வேலையை விட்டு (சரி, அவர்கள் என்னை விட்டு) நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆச்சி என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குதிரை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் தம்பி. வர்றவுக ஏறி ஊரைச் சுத்திப் பாக்குறதுக்கு. உங்களுக்குக் குதிரை பழக்கம் உண்டா?"

"எங்க தாத்தா குதிரைப் போலீசுல இருந்தவரு ஆச்சி. எங்களுக்குக் குதிரைன்னா வீட்டுப் பிள்ளை மாதிரி."

என் தாத்தா காளையார்கோவிலில் கணக்கு வாத்தியார். அவர் ஏறிய அதிகபட்ச உயரம் பள்ளிக்கூட மேடை. ஆனால் சேவியராகிய நான் அன்றைக்கு வேலையோடுதான் வீடு திரும்பினேன். என் மனைவி ஸ்டெல்லா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். என்ன பொய் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. ஏதோ ஒன்று சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு மாதத்தில் குதிரை வந்தது. ராஜஸ்தான் பக்கத்து இனம், நுனி உள்பக்கம் வளைந்த காதுகள், சாம்பல் நிறப் பெட்டை. பெயர் சிட்டு. ஒடிசலான உடம்பு. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடம் கூரை முகடு போலக் கூம்பி உயர்ந்திருக்கும். அந்த மேட்டை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் போனது அதன்மேல்தான். சிட்டு லாரியிலிருந்து இறங்கியதும் எல்லோரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் ஏற இறங்கப் பார்த்தது. தாத்தா கதையை அது நம்பவில்லை என்று அப்போதே புரிந்தது.

டெக்சாஸில் இருக்கும் ஆச்சியின் மகன், தன் முதலாளி குடும்பம் தை மாதம் வருவதாகச் சொன்னார். அவர்கள் பிறந்ததிலிருந்து வெஸ்டர்ன் சேணத்தில் ஏறிப் பழகியவர்கள். முன்னால் பிடித்துக்கொள்ளக் கொம்பு வைத்து, நாற்காலி மாதிரி அகலமாக இருக்குமே, அதுதான். வடக்கே அதைச் செய்து ஏற்றுமதி செய்யும் ஒரு பட்டறையைப் பிடித்தோம். அவர்கள் வாட்ஸ்அப்பில் மூன்று பக்கத்துக்குக் குறிப்பு அனுப்பினார்கள். வளையும் கம்பியைக் குதிரையின் முதுகில் மூன்று இடங்களில் குறுக்காகப் படிய வைக்க வேண்டும். அந்த வளைவை அட்டையில் வைத்து வரைய வேண்டும். தோள் எலும்புக்குப் பின்னாலிருந்து கடைசி விலா வரைக்கும் நீளம் எடுக்க வேண்டும். சேணத்தின் உள்கூடு முதுகின்மேல் எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படியவேண்டும், மேட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் இருக்கவேண்டும். தப்பான சேணம் குதிரையை ஊமையாகக் கொல்லும் என்று கடைசியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம் செய்யக்கூடியவர் குதிரையைப் பார்த்துக்கொண்ட முத்துக்கருப்பன் அண்ணன்தான். அவர் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒக்கூர் போய்விட்டார், மூன்று நாள். நான் தனியாகக் கம்பியோடு லாயத்துக்குள் போனேன். சிட்டு முதலில் கம்பியைக் கடித்தது. பிறகு அட்டையைத் தின்றது. மூன்றாவது முயற்சியில் என் சட்டைக் காலரைப் பிடித்து, குழந்தையை வெளியே விடுவது போல வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அது அசந்து நின்ற நேரத்தில் அதன் உயரத்தைத் தூணில் சாக்பீசால் குறித்ததுதான் நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

"இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள அளவு வரலைன்னா தைக்குள்ள முடியாதுங்கிறாக," என்றார் ஆச்சி. குரலை உயர்த்தவே இல்லை. "குதிரையும் நீங்களும் ஒண்ணா வந்தீக தம்பி. போறதா இருந்தாலும் ஒண்ணாத்தான் போவீக."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இந்தச் சீமையில் மட்டுமே ஒருவனுக்கு உதிக்கக்கூடிய யோசனை. கண்மாய்க் கரை அய்யனார் கோயிலில் வரிசையாகக் குதிரைகள் நிற்கின்றன, கடிக்காத குதிரைகள்.

போனபோது நண்பகல். கோயிலில் ஒரு ஈ காக்கை இல்லை. அய்யனார் ஊர்க்காவல் சுற்ற ஏறுவதற்கென்று புரவி எடுப்புத் திருவிழாவில் ஊரார் சுமந்து வந்து வைத்த மண் குதிரைகள் ஆலமரத்தடியில் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் குயவரான வேளார் மண்ணாலேயே சேணம், மணி, சலங்கை எல்லாம் பதித்திருந்தார். கடைசியில் நின்ற ஒன்றின் முதுகு மட்டும் வெறுமையாக இருந்தது. சாக்பீஸ் குறியின் உயரத்தை ஒரு கயிற்றில் எடுத்துப் போயிருந்தேன். பிடித்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை.

இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

கம்பியை அதன் முதுகில் வைத்து அழுத்தினேன். அதுவரை கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் நிறுத்திவிட்டன. மரத்தடி நிழலில், வெயிலே படாத இடத்தில் நின்ற குதிரை. அதன் முதுகு கதகதப்பாக இருந்தது. வேகமாக அட்டையில் வரைந்தேன். மூன்றாவது வளைவை எடுக்கும்போது குதிரையின் வயிற்றுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. உள்ளே வெறும் கூடு, எங்கேயோ ஓட்டை, காற்று புகுந்திருக்கும் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். ஆலமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. சைக்கிளை மிதிக்க ஆரம்பித்தவன் வீட்டு வாசலில்தான் திரும்பிப் பார்த்தேன்.

பட்டறையிலிருந்து மறுநாளே பதில் வந்தது. 'அற்புதமான முதுகு. இரண்டு பக்கமும் இம்மி வித்தியாசம் இல்லை. எங்கள் மேஸ்திரி உயிருள்ள குதிரையில் இப்படி ஒரு முதுகைப் பார்த்ததே இல்லை என்கிறார்.' ஆச்சி அதைப் படித்துவிட்டு, "உங்க தாத்தா ரத்தம் பேசுது தம்பி," என்றார்.

தை பிறந்தது. விருந்தினரும் வந்தார்கள், சேணமும் வந்தது. பட்டறைக்காரரின் கைவேலை கண்ணைப் பறித்தது. முத்துக்கருப்பன் அண்ணன் கம்பளி விரிப்பைப் போட்டுச் சேணத்தை வைத்து, வயிற்றுவாரைக் கட்டி, மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை.

"மேனேஜர் தம்பி, இது சரியில்ல. பாதகத்தி முதுகு ஒடுக்கம், இது அகலம். அம்புட்டுப் பாரமும் மேட்டுல உக்காருது. எடுத்துருவமா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முகப்பில் ஆச்சி, ஆச்சிக்குப் பின்னால் கேமராவோடு நான்கு அமெரிக்கர்கள். "புதுத் தோலுண்ணே, போகப் போகப் படிஞ்சிரும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற வாக்கியங்களில் இதுதான் முதல்.

"நம்ம மேனேஜர் முதல்ல ஏறிக் காட்டட்டும்," என்றார் ஆச்சி. "போலீஸ்காரர் பேரன்."

ஏறினேன் (ஏற்றப்பட்டேன்). சிட்டு உதைக்கும், துள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அது ஒன்றும் செய்யவில்லை. மெதுவாக நடந்தது. கேட்டைத் தாண்டியது. கடிவாளத்தை இடப்பக்கம் இழுத்தேன், வலப்பக்கம் திரும்பியது. நிறுத்த இழுத்தேன், காது நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டு நடந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். என்னையா, குதிரையையா என்று தெரியவில்லை. நானும் ஒரு கையால் திருப்பிக் கும்பிட்டு வைத்தேன். மற்ற கை கொம்பை விடவில்லை.

கண்மாய்ப் பாதையில் திரும்பியபோதுதான் எங்கே போகிறோம் என்று எனக்கு உறைத்தது. சிட்டு அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. "வேணாம்மா, வீட்டுக்குப் போவோம்," என்று கெஞ்சினேன். மணி பன்னிரண்டு இருக்கும். ஆலமரத்தடியில் மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. சிட்டு உள்ளே நுழைந்ததும் கத்தலை நிறுத்திவிட்டன. சிட்டு நேராகப் போய்க் கடைசியில் நின்ற மொட்டை முதுகுக் குதிரைக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி நின்றது. பிறகு உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. சேணம் என்னோடு சேர்ந்து அப்படியே வயிற்றுக்கு அடியில் சுற்றியது. நான் தலைகீழாகத் தொங்கிப் புழுதியில் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்க, இரண்டு குதிரைகளும் தலையைக் குனிந்து என்னைப் பார்ப்பதாகத்தான் இருந்தது. மண் குதிரைக்குத் தலை குனிந்த மாதிரிதான் செய்திருப்பார்கள் என்று இன்றுவரை நம்ப முயற்சி செய்கிறேன்.

பின்னாலேயே அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு ஆச்சியின் கார் வந்தது, முத்துக்கருப்பன் அண்ணனின் மொபெட்டும் வந்தது. அண்ணன் சேணத்தை அவிழ்த்தார். முதுகு மேட்டின் இரண்டு பக்கமும் முட்டை முட்டையாக வீங்கித் தோல் உரிந்திருந்தது. சிட்டு அப்போதும் என்னைக் கடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் கையிலிருந்த சேணத்தையும் மண் குதிரையின் வெறும் முதுகையும் பார்த்தார். பிறகு மண் குதிரையின் முதுகில் வைத்தார். அலுங்காமல் குலுங்காமல் உட்கார்ந்தது. விரலை விட்டுப் பார்த்தார், சரியாக மூன்று விரல் நுழைந்தது.

"எங்குட்டு அளவெடுத்தீக?" என்றார், என்னைப் பார்க்காமலே.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தாத்தாவின் கணக்குப் புத்தகம் உட்பட.

"இதுக்கு மூணு தடவ சேணம் வச்சுச் சுட்டாக வேளார் வீட்டுல," என்றார் அண்ணன். "மூணு தடவையும் குதிரை நல்லா வந்துச்சு, சேணம் மட்டும் வெடிச்சு உதுந்து போச்சு. சரி, அதுக்கு மண்ணுச் சேணம் புடிக்கலபோலன்னு அப்படியே கொண்டாந்து வச்சாக. நீங்க வந்து அளவெடுத்திருக்கீக."

ஆச்சி காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சேணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமி குதிரைக்கு அளவெடுத்துட்டா அது நேந்துகிட்ட மாதிரி. திரும்ப எடுக்கக் கூடாது. விரிப்பையும் போட்டு விட்டுட்டு வாங்க."

"அப்ப என் வேலை ஆச்சி?"

"குதிரை புண்ணு ஆறுற வரைக்கும் உங்க கையாலதான் மருந்து போடணும். அது உங்களைச் சேத்துக்கிட்டா நானும் சேத்துக்கிறேன்."

முப்பத்தெட்டு நாள் போட்டேன். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு திறந்துகொண்டு. சிட்டு சேர்த்துக்கொண்டது. எனக்குப் பயம் போகவில்லை, ஆனால் இப்போது நாங்கள் ஒருவரையொருவர் நம்பிப் பயப்படுகிறோம். அமெரிக்கர்கள் தாங்கள் பார்த்த கோயில் சடங்குகளிலேயே இதுதான் சிறந்தது என்று விடுதிப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேணத்தை மண் குதிரைமேல் விட்டுவந்த மூன்றாம் நாள் நண்பகல், முத்துக்கருப்பன் அண்ணன் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சேணத்தைத் தூக்கி, கம்பளி விரிப்பைப் புரட்டிக் காட்டினார். விரிப்பின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரு மாதமாக மழை இல்லை. நடுவில் முதுகெலும்பு ஓடும் இடம் மட்டும் உலர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே சீராக, ஒரு திட்டு விடாமல் ஈரம். பட்டறைக் குறிப்பின் மூன்றாம் பக்கத்தில், நன்றாகப் பொருந்திய சேணத்தில் சவாரி முடிந்ததும் வியர்வை எப்படி இருக்கவேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். அதே படம். முகர்ந்து பார்த்தேன். அது பனி வாசனை இல்லை.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோ எடுத்துப் பட்டறைக்கு அனுப்பினேன். அவர்கள் அதைத்தான் இப்போது எல்லா வாடிக்கையாளருக்கும் மாதிரியாக அனுப்புகிறார்களாம்.

எங்கள் வீட்டில் அதன்பிறகு நான் எதற்கும் அளவெடுப்பதில்லை. ஜன்னல் திரை, மகனுக்குச் சீருடை, எதற்கு நான் டேப்பை எடுத்தாலும் ஸ்டெல்லா, "யாரு அளவு அது?" என்பாள். அவள் அம்மா வீட்டில், பக்கத்து வீட்டில், பங்குச் சாமியார் முன்னால்கூடச் சொல்லிவிட்டாள்.

போன புரவி எடுப்புக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தோடு கூட்டமாகத்தான், தனியாக இல்லை. சேணம் ஏழு வருட வெயில் மழைக்குக் கொஞ்சமும் வெளுக்கவில்லை. கால் வைக்கும் அங்கவடி இரண்டும் மட்டும் பழைய இடத்தில் இல்லை. என் காலுக்காகக் கட்டியதைவிட நான்கு துளை கீழே இறக்கிக் கட்டியிருந்தது. துளைகளின் ஓரத்தில் தோல் தேய்ந்து பளபளத்தது.

"நீங்க இறக்கினீகளாண்ணே?" என்று முத்துக்கருப்பன் அண்ணனிடம் கேட்டேன்.

"அன்னைக்கு விரிப்பப் பாத்ததுக்கப்புறம் நான் அதுல கை வைக்கிறதில்ல தம்பி. அம்புட்டு நீளக் காலு இந்த ஊருல யாருக்கு இருக்கு?"

ஸ்டெல்லா அங்கவடியையும் அய்யனார் சன்னதியையும் என்னையும் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உங்க வேலையில இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்லாத ஒரே ஆளு இவருதான். வாங்க, அவரு வர்றதுக்குள்ள போயிருவோம்."